டிவிக்கு ரிமோட் உண்டு

கேள்வி: திருச்சியில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பத்து வருடமாக வயலின் கற்கிறேன். நானும் நண்பர்கள் நான்கு பேரும் (இன்னொரு வயலின், புல்லாங்குழல், மிருதங்கம், வாய்ப்பாட்டு) ஒரு மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாக வாசிக்க அனுமதி வாங்கினோம். முதல் வாரம் வரவேற்புக் கூடத்தில் வாசித்தோம். நல்ல கைதட்டல். இரண்டாவது வாரம் வார்டுக்குள் போனோம். பாதிப் பாட்டில் ஒரு பெரியவர், "போதும்மா, நிறுத்துங்க" என்றார். நிறுத்திவிட்டு வெளியே வந்து அழுதுவிட்டேன். நல்லது செய்யத்தானே போனோம்? "மியூசிக் தெரபி" என்று பேனர் வைத்துக்கொண்டு போயிருந்தால் மதித்திருப்பார்கள் என்கிறான் மிருதங்க நண்பன். மறுபடி போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போகலாம். பேனர் மட்டும் வேண்டாம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்தப் பெரியவர். வார்டில் படுத்திருப்பவரின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன்னால் ரத்தம் எடுக்க வருகிறவரிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. உப்பில்லாத கஞ்சியை வேண்டாம் என்று சொல்ல முடியாது. பார்க்க வந்த ஒன்றுவிட்ட மாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அதே ஆபரேஷனில் செத்துப்போன இன்னொருவர் கதையைச் சொல்வார். அதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். அன்றைக்கு வந்தவர்களில் அவரால் திருப்பி அனுப்ப முடிந்தது உங்களை மட்டும்தான். நீங்களும் மறுபேச்சு பேசாமல் நிறுத்தினீர்கள். அழுவதற்கு இதில் என்ன இருக்கிறது?

என் அம்மாவுக்குச் சில வருடங்களுக்கு முன்னால் வயிற்றில் ஆபரேஷன் ஆனது. மூன்றாம் நாள் ஒரு மாணவர் குழு கிடாரோடு வந்தது. நன்றாகவே பாடினார்கள். கூடவே கைதட்டச் சொன்னார்கள். தையலோடு இருப்பவருக்கு இருமுவதே கஷ்டம். அம்மா மரியாதைக்கு இரண்டு தட்டு தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். அவர்கள் போனபிறகு, "டிவின்னா ரிமோட்டாவது இருக்கும்" என்றார். அதே அம்மா மறுநாள், டிரிப்ஸ் பாட்டில் மாற்ற வந்த சிஸ்டர் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தபோது, "நிறுத்தாதே, முழுசாப் பாடு" என்றார். அந்தச் சிஸ்டருக்குச் சுருதி அவ்வளவாகச் சேரவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

எனவே வாசிப்பதற்கு முன் கேளுங்கள், ஒவ்வொரு கட்டிலிலும். "வாசிக்கலாமா?" என்று கேட்டால் நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேராக மறுக்க மாட்டார்கள். "இப்ப வாசிக்கட்டுமா, இல்ல கொஞ்சம் தூங்கறீங்களா?" என்று கேளுங்கள். மறுக்க ஒரு வழி கிடைத்துவிடும். இந்த வேலையை மிருதங்க நண்பரிடம் கொடுங்கள். ஏனென்றால் அவர் வாத்தியத்தை வீட்டில்தான் வைத்துவிட்டு வரவேண்டியிருக்கும்.

கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனையைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40 என்பதுதான் வரம்பு. நாம் சாதாரணமாகப் பேசுவதே 60-ஐத் தொடும். இந்தக் கணக்கில் ஒலிபெருக்கிக்கு இடமே இல்லை. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: குரலும் குழலும் தந்தி வாத்தியங்களும் தொடர்ந்து ஒலிப்பதால் நோயாளிக்கு இதம், பியானோ போல விட்டுவிட்டு ஒலிப்பவை நேர்மாறு. அந்த அம்மையாரின் பட்டியலில் மிருதங்கம் இல்லை. இருந்திருந்தால் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

வார்டைவிட நல்ல இடம் ஒன்று சொல்கிறேன். டயாலிசிஸ் பிரிவில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம், ஊசி போட்ட கையை அசைக்காமல் படுத்திருப்பார்கள். மின்விசிறியைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள். அடுத்த வாரமும் அதே முகங்கள் இருக்கும் என்பதால், "போன தடவை பாதியில விட்டீங்களே" என்று கேட்க ஆள் இருக்கும். தாளம் போடச் சொல்லிவிடாதீர்கள், அந்தக் கை அசையக்கூடாது. ஐ.சி.யூ., அவசர சிகிச்சைப் பக்கம் நீங்களாகப் போகவேண்டாம். மற்ற இடங்களில் காலை டாக்டர் ரவுண்ட்ஸ், மாலை பார்வையாளர் நேரம் இரண்டையும் விட்டு மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் கேட்டுப் பாருங்கள். அனுமதி கொடுத்தது நிர்வாக அலுவலகமாக இருக்கலாம். உங்களைக் காப்பாற்றப் போவது வார்டு சிஸ்டர்தான். உள்ளே நுழைந்ததும் முதலில் அவரிடம் போங்கள். யாருக்கு நேற்றிரவு தூக்கமில்லை, எந்தக் கட்டிலில் நிலைமை மோசம் என்று அவருக்குத்தான் தெரியும்.

சளி, இருமல் இருந்தால் அந்த வாரம் லீவு. கட்டிலுக்குக் கட்டில் கையைச் சுத்தம் செய்யுங்கள். கீமோ நடக்கிற பக்கம் புல்லாங்குழல் வேண்டாம், ஊதுகிற வாத்தியம். சுருதி சேர்ப்பதை வெளியிலேயே முடித்துவிடுங்கள்; நோயாளியின் தலைமாட்டில் நின்று தந்தி முறுக்குவது போன்ற கொடுமை வேறில்லை. வீடியோ, ரீல்ஸ் எதுவும் கூடாது. தலை வாராமல், ஆஸ்பத்திரி கவுனில் இருக்கும் தன்னை ஊரே பார்க்கவேண்டும் என்று யாரும் விரும்புவதில்லை.

என்ன வாசிப்பது? கச்சேரி மாதிரி வர்ணம் என்ற தொடக்க உருப்படியில் ஆரம்பிக்கும் பழக்கத்தை விடுங்கள். மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் எதுவும் வேண்டாம். பழைய சினிமாப் பாட்டு கேட்பார்கள், இளையராஜா கேட்பார்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் குறித்துக்கொண்டு அடுத்த வாரம் பழகி வாருங்கள். ஒரே வார்டில் எல்லா மதத்தவரும் இருப்பார்கள். பக்திப் பாட்டு, கேட்டால் மட்டும். நீலாம்பரி ராகம் தூங்கவைக்கும் என்பார்கள், முயன்று பாருங்கள், யாராவது தூங்கிவிட்டால் அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முகாரி வேண்டாம். அது வெறும் அழுகை ராகம் இல்லை என்று உங்கள் வாத்தியார் வாதிடுவார், நியாயம்தான். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளிடம் அந்த வாதம் எடுபடாது.

இப்போது பேனர். இசைக்குப் பலன் இல்லை என்று சொல்லவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலியும் பதற்றமும் இசை கேட்டவர்களுக்குக் குறைவாக இருந்ததாக, 73 பரிசோதனைகளைத் தொகுத்து 2015-ல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. தம்பியப்பன் என்ற சீடரின் வயிற்றுவலி தீர முத்துசுவாமி தீட்சிதர் அடாணா ராகத்தில் வியாழன் மேல் ஒரு கீர்த்தனை செய்தார் என்ற கதையையும் கேட்டிருப்பீர்கள். ஆனால் இசை சிகிச்சை என்பது தனியாகப் படித்துப் பயின்று செய்யும் தொழில். பேனரைப் பார்த்த ஒரு நோயாளி, "எந்த ராகம் கேட்டா சர்க்கரை குறையும்?" என்று கேட்டால் நண்பர் என்ன சொல்வார்? "நாங்க காலேஜ் பசங்க, வாசிக்க வந்திருக்கோம்" என்பதே போதும்.

அந்தப் பெரியவர் இந்த ஞாயிறும் அங்கே இருந்தால், வயலினை வெளியே நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போய், "இப்ப எப்படி இருக்கு தாத்தா?" என்று கேளுங்கள். பாட்டுப் பேச்சை நீங்களாக எடுக்கவேண்டாம். ஒருவேளை டிஸ்சார்ஜ் ஆகிப் போயிருந்தால், ரொம்ப நல்லது.