வாசகர் கேள்வி-பதில்: எத்தனை ஏக்கர், எந்த மாதம்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் காட்டுத்தீ பற்றியவை. கச்சான் காற்று தொடங்கிவிட்டதால் அதில் ஆச்சரியமில்லை. மற்றக் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் வரும், கோபிக்க வேண்டாம்.

அமெரிக்காவில் காட்டுத்தீயைக் குறைக்க அரசாங்கம் பெருந்தொகை செலவழிக்கிறதாமே, தீயணைக்கும் விமானம் வாங்கவா?
வாசகர், வாழைச்சேனை

விமானத்துக்கு வேறு கணக்கு. நீங்கள் கேள்விப்பட்டது தீ வருவதற்கு முந்திய வேலை. காட்டில் எரியக்கூடியதை முன்கூட்டியே குறைத்துவிடுவது. நெருக்கமாக முளைத்த சிறு மரங்களை வெட்டி ஐதாக்குவார்கள், பற்றையை இயந்திரத்தால் அரைத்துப் போடுவார்கள், வெட்டியதைக் குவித்துக் குளிர்காலத்தில் கொளுத்துவார்கள், காற்றும் ஈரமும் பார்த்துத் தாங்களே தரைத்தீ வைப்பார்கள், சில இடங்களில் ஆடுமாடுகூட விடுவார்கள். இதெல்லாம் ஏன் தேவைப்பட்டது என்றால், அங்கே நெடுங்காலமாக எந்தத் தீயையும் எரியவிடாமல் அணைத்துக்கொண்டே வந்தார்கள். 1935 இல், தேசிய வனங்களைப் பார்க்கும் வனசேவைக்கு விதியே போட்டார்கள், கண்ட தீயை மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுப்படுத்திவிட வேண்டும் என்று. சிறுதீயில் எரிந்து போயிருக்க வேண்டிய சருகும் கன்றும் அப்படியே சேர்ந்து கிடந்தன.

2000 ஆம் ஆண்டு மோசமான தீப்பருவத்துக்குப் பிறகு தேசியத் தீத் திட்டம் வந்தது. வனசேவையும், மற்ற அரச காணிகளைப் பார்க்கும் உள்துறைத் திணைக்களமும் எந்த இடம், என்ன வேலை, எப்போது செய்யத் திட்டம், எப்போது முடிந்தது என்பதைக் கணினியில் பதிவு செய்து அறிக்கையிடத் தொடங்கின. 2022 ஜனவரியில் அறிவித்த இலக்கு இன்னும் பெரிது: 10 வருடத்தில் தேசிய வனங்களில் மேலதிகமாக 2 கோடி ஏக்கர் வரையும், மற்றக் காணிகளில் 3 கோடி ஏக்கர் வரையும். இலங்கை முழுவதையும் அளந்தாலும் 1 கோடி 62 லட்சம் ஏக்கர்தான் வரும்.

ஒரே காணியை மூன்று தரம் எண்ணி அறிக்கை விடுகிறார்கள் என்று வாசித்தேன். இது கள்ளக்கணக்குத்தானே?
வாசகர், களுவாஞ்சிகுடி

கள்ளம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாசிப்பவர் ஏமாறுகிற கணக்கு. வளவில் ஒரு மூலையைக் காலையில் செத்தி, மத்தியானம் குப்பையைக் குவித்து, பின்னேரம் கொளுத்திவிட்டு, மூன்று வளவு துப்புரவாக்கினேன் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதேதான். 100 ஏக்கரில் மரத்தை ஐதாக்கினால் 100, அதைக் குவித்தால் இன்னொரு 100, எரித்தால் மேலும் 100, அறிக்கையில் 300. கூலி கொடுத்தவருக்கு இது சரியான கணக்கு, மூன்று வேலைக்கும் தனித்தனியாகப் பணம் போயிருக்கிறதே. ஆனால் நிலம் 100 ஏக்கர்தான். வேலைக்கு ஒரு தொகை, நிலத்துக்கு ஒரு தொகை என்று இரண்டையும் பக்கத்தில் போட்டால் பிரச்சினை முடிந்தது.

அங்கே காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்துக்காக வேலை செய்யும் கணக்காய்வு அலுவலகம் பல வருடங்களாகச் சொல்லிவருவது இதைவிட முக்கியமானது. ஏக்கர் எண்ணிக்கை செய்த வேலையைத்தான் காட்டும், எவ்வளவு ஆபத்து குறைந்தது என்பதைக் காட்டாது. ஏக்கரை வைத்தே திணைக்களத்தை மதிப்பிட்டால் என்ன நடக்கும்? வீடுகளுக்குப் பக்கத்திலுள்ள செலவு கூடிய சரிவை விட்டுவிட்டு, தூரத்தில் மலிவாக எரிக்கக்கூடிய இடத்தைத் தேடிப் போகத் தோன்றும். மனித இயல்பு.

நான் அபிவிருத்தி உத்தியோகத்தர். எங்கள் பிரிவில் காட்டோரக் கிராமங்களுக்குத் தீத்தடுப்பு வேலை ஒன்றுக்குத் திட்டமும் முன்னேற்ற அறிக்கையும் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்கப் படிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?
வாசகி, திருக்கோவில்

அப்படியே எடுக்காதீர்கள். அவர்களுடையது பெரும்பாலும் மரமும் விறகும் சேர்ந்து கிடக்கும் காடு. சாகாமம், கஞ்சிகுடிச்சாறு பக்கம் நீங்கள் பார்க்கப்போவது புல்லும் பற்றையும்: இலுக்கு, மானா, கினிப்புல், நடுவில் நாயுண்ணி. மரத்தை ஐதாக்கினால் அதன் பலன் பல வருடம் நிற்கும். புல்லைச் செத்தினால் அடுத்த மாரியோடு முடிந்தது, தை மாசி தாண்டுவதற்குள் மறுபடி இடுப்பளவு நிற்கும். ஆகவே போன வருடம் செத்திய 20 ஏக்கரையும் இந்த வருடம் செத்திய 20 ஏக்கரையும் கூட்டி 40 என்று எழுதவே கூடாது.

அவர்களிடம் எடுத்துக்கொள்ளத்தக்க அறிவு ஒன்று உண்டு. எரியும் பொருளை அது ஈரத்தை இழக்கிற வேகத்தை வைத்துப் பிரிக்கிறார்கள்: ஒரு மணி நேரம், 10 மணி நேரம், 100 மணி நேரம், 1000 மணி நேரம். புல்லும் சருகும் கால் அங்குலத்துக்கு உட்பட்ட சுள்ளியும் ஒரு மணிக் கணக்கு. மூன்று அங்குலத்துக்கு மேல் தடித்த கட்டை 1000 மணி. இலுக்கைக் காலையில் தொட்டுப் பாருங்கள், பனியில் கை நனையும். வெயில் ஏறிக் கச்சானும் வீசத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் அதே தாள் கையில் நொறுங்கும். எங்கள் பக்கத்து ஆபத்து முக்கால்வாசி இந்த ஒரு மணிச் சாமான்தான். அதனால் உங்கள் படிவத்தில் ஏக்கர் நிரலைவிடத் திகதி நிரல்தான் பெரிது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் அறிக்கைகளில் வழக்கமாக இருப்பது இலக்கு, பௌதிக முன்னேற்றம், நிதி முன்னேற்றம், அவ்வளவுதான். நிதி கைக்கு வர ஆவணி ஆகி, காட்டோரம் செத்துகிற வேலை கார்த்திகையில் மழைக்குள் நடந்தாலும், டிசெம்பர் அறிக்கையில் பௌதிக முன்னேற்றம் 100 வீதம் என்றுதான் விழும். ஆடியில் எரிந்த காடு அந்தத் தாளில் எங்கேயும் வராது. வேலை வைகாசி பிறக்க முன் முடிந்ததா இல்லையா என்று ஒரு நிரல் போடுங்கள். பிந்தினால் பிந்தியது என்றே எழுதுங்கள், ஏனென்று ஒரு வரியும் எழுதுங்கள். மேலதிகாரி முகம் சுளிப்பார், பரவாயில்லை.

அப்புறம், இடத்தைப் பிரிவின் பெயரோடு விட்டுவிடாதீர்கள். கைபேசியிலேயே ஜி.பி.எஸ். இருக்கிறது, செத்திய வழியின் தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் குறியுங்கள், முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று ஒவ்வொரு படம் எடுங்கள். தீ தாண்டாமல் செத்தி விடும் வெறுந்தரை வழியை, பயர் பெல்ட் என்பார்களே, அதை நீளத்திலும் அகலத்திலும் எழுதுங்கள், ஏக்கருக்கு மாற்றினால் ஒன்றும் விளங்காது. அந்த வழிக்கு அப்பால் என்ன இருக்கிறது, வீடா, தேக்கந்தோட்டமா, பள்ளிக்கூடமா என்பதையும் சேருங்கள். பருவம் முடிந்தபின் தீ வந்ததா, வந்திருந்தால் அந்த வழியில் நின்றதா தாண்டியதா என்று பார்த்து எழுதினால், அடுத்த வருடத் திட்டத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

அங்கே அரசாங்கமே காட்டுக்கு நெருப்பு வைக்கலாம், நாங்கள் மாட்டுக்கு இளம்புல் வர வைத்தால் மட்டும் குற்றமா?
பட்டிக்காரர் ஒருவர், கிரான்

ஒதுக்குக்காட்டில் வைத்தால் குற்றம்தான் அண்ணன், 1907 ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டத்திலிருந்தே. ஆனால் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எரித்த நிலத்தில் முதல் மழைக்கு இளம்புல் வரும் என்பது பரம்பரை அறிவு. அம்பாறையில் கல்லோயாப் பக்கத்துப் புல்வெளிகளில் நிற்கும் மரங்களைப் பாருங்கள்: கடுக்காய், தான்றி, நெல்லி. திரிபலா மூன்றும் ஒரே இடத்தில்! புல் எரிகிற தீயைத் தாங்கிப் பழகிய மரங்கள் அவை. அடர்ந்த வரண்ட காட்டு மரங்கள் அப்படியல்ல, ஒரு தீ உள்ளே புகுந்தால் கன்று செத்து, அந்த இடத்தைப் புல் பிடித்து, அடுத்த வருடம் இன்னும் இலகுவாக எரியும்.

அரசாங்கம் வைத்தால் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் நியூ மெக்சிகோவில் வனசேவை திட்டமிட்டு வைத்த தீ கைமீறிப் போனது. அதோடு சேர்ந்துகொண்ட இன்னொரு தீ எப்படி வந்தது தெரியுமா? ஜனவரியில் குவித்துக் கொளுத்திய குவியல் ஒன்று, பனி மூடியும் அடியில் கனன்றுகொண்டே கிடந்து, ஏப்ரல் காற்றில் எழும்பியது. இரண்டும் சேர்ந்து 3 லட்சத்து 41 ஆயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தன. கொளுத்தியதைப் பதிவதோடு நிற்காமல், தணலைக் கையால் தொட்டுப் பார்த்து ஆறிவிட்டது என்று உறுதி செய்த திகதியையும் பதிய வேண்டும் என்பது அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. வனசேவை நாடு முழுவதும் திட்டமிட்ட எரிப்பை 90 நாள் நிறுத்திவைத்து விசாரித்தபோது, வேலையாட்கள் பெரும்பாலும் அனுமதித்த திட்டப்படியே நடந்தார்கள், காடுதான் அவர்கள் கணித்ததைவிட வரண்டிருந்தது என்று தெரியவந்தது.

மேய்ச்சல் தரைப் பிரச்சினை முழுவதையும் இந்தப் பகுதியில் எழுத இடமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: திட்டம் எழுதுகிற கூட்டத்துக்குப் பட்டிக்காரரைக் கூப்பிடாமல் எந்தத் திட்டமும் காட்டுக்குள் வேலை செய்யாது. எங்கே எப்போது புல் முறுகும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

எங்கள் மாவட்டத்தில் இந்த வேலைக்கு எவ்வளவு செலவானது, எங்கே செய்தார்கள் என்று சாதாரண ஆள் கேட்கலாமா?
மாணவன், அக்கரைப்பற்று

தாராளமாக, தம்பி. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான். உரிய அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. கேள்வியைக் குறுக்கிக் கேளுங்கள். "தீத்தடுப்பு விபரம் தருக" என்றால் ஒரு பக்கச் சுற்றறிக்கைதான் வரும். இடம், தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, நீளம், செலவு என்று நிரலாகக் கேளுங்கள்.

நாசாவின் இணையத்தளத்தில் செய்மதி கண்ட தீப்புள்ளிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. அதை அறிக்கையோடு ஒப்பிடலாம், ஆனால் கவனம்: சேனை எரித்தாலும் சிறுபோகம் வெட்டி வயலைக் கொளுத்தினாலும் அங்கே புள்ளி விழும். புள்ளியெல்லாம் காட்டுத்தீ என்று முகநூலில் போட்டுவிடாதீர்கள்.

புகை கண்டால் யாருக்குச் சொல்வது?
வாசகி, வாகரை

அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. கூடவே கிராம சேவகருக்கும் பக்கத்து வன அலுவலகத்துக்கும். காட்டுக்குள் என்று மட்டும் சொல்லாமல், எந்தக் குளத்துக்கு எந்தப் பக்கம், புகை எந்தத் திசைக்குச் சாய்கிறது என்று சொல்லுங்கள்.