எவ்வளவு சிவி அனுப்பினாலும் இன்டர்வியூ அழைப்பு வருவதில்லை. சிவியை எப்படி எழுதுவது?

சில வருடங்களாக எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது வருகிற சிவிகளை முதலில் படித்துப் பிரிக்கும் வேலை என்னுடையது. அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நிறைய சிவிகளில் வேலையின் பெயர் இருக்கிறது, அதைச் செய்த ஆளைக் காணோம். தெரிந்த பையன் ஒருவன் தன் சிவியைக் காட்டினான். "கிடங்கில் சரக்கு இருப்புப் பராமரிப்பு" என்று ஒரு வரி. கிடங்கில் வேலை பார்த்த யாரும் அதைத்தான் எழுதுவார்கள். எத்தனை பொருள் இருந்தது என்று கேட்டேன். சுமார் 1,200 என்றான். நீ சேர்ந்த பிறகு அங்கே என்ன மாறியது? கொஞ்ச நேரம் யோசித்தான். "முன்னாடி கணக்கெடுக்க மூணு நாள் ஆகும். நான் அலமாரிக்கெல்லாம் நம்பர் போட்டேன், அப்புறம் ஒரே நாள்ல முடிஞ்சிடும். இதையெல்லாமா எழுதுவாங்க?" இதைத்தான் எழுத வேண்டும். அந்த வரி இப்படி ஆனது: "1,200 பொருட்கள் உள்ள கிடங்கில் அலமாரிகளுக்கு எண் கொடுத்து, 3 நாள் எடுத்த இருப்புக் கணக்கெடுப்பை 1 நாளில் முடிய வைத்தேன்."

உங்கள் சிவியிலும் ஒவ்வொரு வரிக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்: நான் இருந்ததால் என்ன மாறியது? பதில் வராத வரியைச் சுருக்குங்கள், இல்லை எடுத்துவிடுங்கள். ஒன்று, மிஞ்சினால் இரண்டு பக்கம் போதும். சமீபத்திய வேலை மேலே வரட்டும். இப்போதுதான் படிப்பு முடித்தவர் என்றால் புராஜெக்ட், பகுதி நேர வேலை எல்லாம் கணக்கில் வரும்.

அடுத்தது, ஒரே சிவியை எல்லா இடத்துக்கும் அனுப்பாதீர்கள். 1480-களின் தொடக்கத்தில் லியொனார்டோ டா வின்சி, மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. தூக்கிச் செல்லக்கூடிய பாலம், பீரங்கி, மூடிய போர் வண்டி என்று பத்து அம்சங்களாக வரிசைப்படுத்துகிறார். ஓவியம் கடைசியில்தான் வருகிறது. அந்த ஆட்சியாளருக்கு என்ன தேவையோ அது முதலில். நீங்களும் விளம்பரத்தை இரண்டு முறை படியுங்கள். அவர்கள் கேட்கும் திறமை உங்களிடம் நிஜமாகவே இருந்தால், அவர்கள் சொல்லும் அதே பெயரிலேயே முதல் பாதிப் பக்கத்துக்குள் எழுதுங்கள். இல்லாததை எழுத வேண்டாம். இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும், பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

வடிவமைப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பல நிறுவனங்களில் மனிதர் பார்ப்பதற்கு முன் ஒரு மென்பொருள் சிவியைப் பிரித்துச் சேமிக்கிறது. அட்டவணை, பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்த அமைப்பு, படத்துக்குள் எழுத்து என்று இருந்தால் அது குழம்பலாம். சோதிப்பது சுலபம்: பிடிஎஃபைத் திறந்து எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை கலையாமல் வந்தால் சரி. திறமைக்கு ஐந்து நட்சத்திரத்தில் நான்கு போடுவதை விட்டுவிடுங்கள்; எதை வைத்து நான்கு என்று படிப்பவருக்குத் தெரியாது. புகைப்படம் சில நாடுகளில் வழக்கம், சில நாடுகளில் கூடாது என்பார்கள். விண்ணப்பிக்கும் இடத்தின் வழக்கப்படி செய்யுங்கள்.

நடுவில் வேலை இல்லாத காலம் இருந்தால் மறைக்க வேண்டாம். "2022–2023: குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொள்ள விடுப்பு" என்று ஒரே வரி போதும். வருடங்களை மாற்றிப் போட்டு ஒட்டவைத்திருப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

அனுப்பும் முன், சிவியில் இருக்கும் எண்ணைப் பார்த்து வேறொரு போனிலிருந்து டயல் செய்யுங்கள். ஒருமுறை எல்லோருக்கும் பிடித்துப்போன ஒரு சிவியில் போன் எண்ணில் ஒரு இலக்கம் குறைந்தது, மின்னஞ்சலும் திரும்பி வந்துவிட்டது. அவரைக் கடைசிவரை எங்களால் கூப்பிடவே முடியவில்லை.