கேள்வி-பதில்: அறைக்கும் குளியலறைக்கும் ஒரே பாய்லர்

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரே பாய்லர்தான் அறைகளுக்குச் சூடு தரும் ரேடியேட்டர்களையும் வெந்நீர்த் தொட்டியையும் சூடாக்குகிறது. பழைய தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்கிப் போட்டோம். மாட்டியவர் அதை நேராகப் பாய்லரில் இணைத்துவிட்டார். அன்றிலிருந்து அறை சூடானதும் பாய்லர் நின்றுவிடுகிறது, குழாயில் வெதுவெதுப்பான தண்ணீர்தான் வருகிறது. கடையில் கேட்டால், விலை கூடிய மாடலுக்கு மாற்றுங்கள் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். பெரும்பாலும் கோளாறு ஒயரில்தான் இருக்கும்.

இது போன்ற அமைப்பில் பாய்லரை எரியச் சொல்லும் உரிமை இரண்டு பேருக்கு உண்டு. ஒன்று அறையின் தெர்மோஸ்டாட், மற்றொன்று வெந்நீர்த் தொட்டியில் ஒட்டியிருக்கும் தெர்மோஸ்டாட். இருவரில் யார் கேட்டாலும் பாய்லர் எரிய வேண்டும், இருவருக்கும் தேவை தீர்ந்த பிறகே அணைய வேண்டும். உங்கள் வீட்டில் அந்த உரிமை முழுவதும் அறைக்குப் போய்விட்டது. தொட்டி கேட்பது பாய்லரை எட்டவே இல்லை.

சரியான இணைப்பில் தெர்மோஸ்டாட் பாய்லரைத் தொடுவதே கிடையாது. ரேடியேட்டர் பக்கம் ஒன்று, தொட்டிப் பக்கம் ஒன்று என்று இரண்டு மோட்டார் வால்வுகள் இருக்கும். (உங்கள் வீட்டில் மூன்று வாய் உள்ள ஒரே வால்வு இருந்தால் ஒயரிங் வேறு மாதிரி. அதற்குத் தொட்டி தெர்மோஸ்டாட்டிலிருந்து ‘போதும்’ என்ற சிக்னலும் தனியாகப் போக வேண்டும்.) தெர்மோஸ்டாட் தன் வால்வின் மோட்டாருக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கும். வால்வு முழுசாகத் திறந்ததும் அதற்குள் இருக்கும் சிறு சுவிட்ச் ஒன்று மூடி, பாய்லருக்கும் பம்புக்கும் சிக்னல் அனுப்பும். இரண்டு வால்வுகளின் சுவிட்ச் ஒயர்களும் ஓரிடத்தில் சேர்ந்து பாய்லருக்குப் போகும். ஐந்து ஒயர் வால்வுகள் பலவற்றில் சாம்பல், ஆரஞ்சு நிற ஒயர்கள் இந்தச் சுவிட்சுக்கு உரியவை. ஆனால் நிறத்தை நம்பி இணைக்காமல் வால்வோடு வந்த வரைபடத்தைப் பாருங்கள். தண்ணீர் போக வழி திறந்த பிறகே பாய்லர் எரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சுற்றுவழி.

சரி, இப்போது உங்கள் பணத்துக்கு வருவோம். பழைய இரண்டு சேனல் டைமர் (ரேடியேட்டருக்கும் வெந்நீருக்கும் தனித்தனியாக நேரம் குறிப்பது) இன்னும் சுவரில் இருக்கிறதா? இருந்தால் அது வெந்நீரைக் கவனிக்கட்டும். புதிய தெர்மோஸ்டாட்டை ரேடியேட்டர் வால்வோடு மட்டும் இணைக்கச் சொல்லுங்கள். டைமரில் ரேடியேட்டர் சேனலை எப்போதும் ஆனில் விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு நேர அட்டவணைகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். வெந்நீரையும் போனிலிருந்தே இயக்க ஆசை என்றால், அல்லது டைமரைக் கழற்றி எறிந்துவிட்டீர்கள் என்றால், அப்போது மட்டும் இரண்டு சேனல் மாடல் தேவை.

வாங்குமுன் கடைக்காரரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: இதன் ரிலே (உள்ளே ஆன்-ஆஃப் செய்யும் பகுதி) வெறும் சுவிட்சாக வேலை செய்யுமா, 230 வோல்ட்டை வெளியே தருமா? சில பாய்லர்களின் தெர்மோஸ்டாட் முனைகள் குறைந்த வோல்ட்டில் இயங்குபவை. அதில் 230 வோல்ட் போனால் சர்க்யூட் போர்டே போய்விடும், அது தெர்மோஸ்டாட் விலையில் முடிகிற விஷயமில்லை. அப்புறம், ‘ஓபன்தெர்ம்’ என்று அட்டையில் போட்டிருப்பதைக் காட்டிக் கூடுதல் விலை கேட்பார்கள். பாய்லரின் சூட்டைக் கூட்டிக் குறைக்கச் சொல்லும் நல்ல ஏற்பாடுதான் அது. ஆனால் வால்வு சுவிட்ச் வழியாகப் போகும் ஆன்-ஆஃப் இணைப்பில் அதற்கு வேலையே இல்லை.

தெர்மோஸ்டாட்டை ஆஃப் செய்துவிட்டு நீங்களே இணைப்புப் பெட்டியைத் திறக்காதீர்கள். வால்வு சுவிட்சுக்கு வரும் லைன் ஒயரில் அப்போதும் மின்சாரம் இருக்கும். இந்த அமைப்பு முழுவதும் ஒரே மெயின் சுவிட்சில் அணைய வேண்டும். அப்படி இல்லையென்றால் அதைத்தான் எலக்ட்ரீஷியன் முதலில் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: எங்களிடம் காம்பி பாய்லர். தொட்டி கிடையாது. இரண்டு சேனல் கன்ட்ரோலர் வாங்கினால் வெந்நீர் சீக்கிரம் வருமா?

பதில்: வராது. குழாயைத் திறந்ததும் தண்ணீர் ஓடுவதைக் காம்பி தானே உணர்ந்து, உள்ளே இருக்கும் வால்வைத் திருப்பி, வெந்நீருக்கு முன்னுரிமை கொடுத்துவிடும். இரண்டாவது சேனலை இணைக்க அங்கே இடமே இருக்காது. உங்களுக்கு வேண்டியது அறைக்கான தெர்மோஸ்டாட் மட்டும். ஓபன்தெர்முக்குச் செலவு செய்ய ஏற்ற இடம் இதுதான், பாய்லர் அதை ஏற்கிறதா என்று மட்டும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாய்லருக்குப் பதில், வெளியிலிருந்து சூட்டை இழுத்துத் தரும் ஹீட் பம்ப் போட்டிருக்கிறோம். தொட்டி சூடாகும்போது அறைக்குச் சூடு வருவதே இல்லை. குறையுள்ள பொருளைத் தலையில் கட்டிவிட்டார்களோ?

பதில்: அப்படித் தெரியவில்லை. அறையைச் சூடாக்கத் தரைக்கு அடியில் ஓடும் தண்ணீர் என்றால் அதற்கு 35 டிகிரி போல இருந்தாலே போதும், தொட்டிக்கு 50-ஐத் தாண்ட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு சூட்டைத் தர அந்த இயந்திரத்தால் முடியாது. அதனால் தொட்டி கேட்கும்போது வால்வு மொத்தமாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஒரு மணி நேரம் அப்படிப் போனால் அறையில் பெரிதாகத் தெரியாது.

மணிக்கணக்கில் நீண்டால்தான் விசாரிக்க வேண்டும். தொட்டியின் சென்சார் அதற்குரிய குழியில் சரியாக உட்காராவிட்டால், தண்ணீர் சூடானது தெரியாமல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டிக்குள் இருக்கும் சுருள் குழாய் ஹீட் பம்புக்குப் போதாத அளவில் சிறியதாக இருந்தாலும் இதே கதைதான். பழைய பாய்லர் தொட்டியை அப்படியே வைத்துக்கொண்டவர்கள் வீட்டில் முதலில் இதைப் பார்க்க வேண்டும். வெந்நீருக்கு அதிகபட்ச நேரம் குறிக்கும் வசதி பல கன்ட்ரோலர்களில் உண்டு. வீட்டில் சூடு அதிகம் தேவைப்படாத நேரத்துக்கு வெந்நீரைத் தள்ளிவைப்பது அதைவிட நல்லது.

இதற்காகத் தொட்டியை 40 டிகிரியில் நிறுத்திவிடாதீர்கள். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரிக்குள் நன்றாகப் பெருகும். அவ்வப்போது 60 வரை ஏற்றும் அமைப்பு கன்ட்ரோலரில் இருந்தால் அதை அணைக்க வேண்டாம். அந்தச் சூட்டுத் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும் என்பதால், குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் குழாய்ப் பக்கம் கலப்பு வால்வு (வெந்நீரோடு குளிர்ந்த நீரைக் கலந்து சூட்டைக் குறைப்பது) இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: டைமர், தெர்மோஸ்டாட் எல்லாமே ஆஃப். ஆனாலும் பாய்லர் எரிகிறது. புது கன்ட்ரோலர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம், முதலில் வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் பதிலில் சொன்ன அந்தச் சிறு சுவிட்ச் மூடியபடியே ஒட்டிக்கொண்டால் இப்படித்தான் நடக்கும். யாரும் கேட்காமலே பாய்லருக்குச் சிக்னல் போய்க்கொண்டிருக்கும். (எரியாமல் பம்ப் மட்டும் சில நிமிடம் ஓடி நின்றால் அது இயல்பு, மிச்சச் சூட்டை வெளியேற்றுகிறது.) பல மாடல்களில் வால்வின் மேல்பகுதியை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம், குழாயில் உள்ள தண்ணீரை வடிக்கத் தேவையில்லை. எனவே ‘முழு வால்வையும் மாற்ற வேண்டும்’ என்று மதிப்பீடு வந்தால், மேல்பகுதி மட்டும் கிடைக்காதா என்று கேட்டுவிட்டு அப்புறம் சம்மதியுங்கள்.