கால் முக்கும் தொட்டியில் கொசுப்புழு

கேள்வி: ஐயா, சுங்கை பக்காப் பக்கம் அப்பா விட்டுப்போன இரண்டு கொட்டகையில் 12,000 இறைச்சிக் கோழி வளர்க்கிறேன். குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது. போன வாரம் கம்பெனி ஆள் பூட்ஸ் மேல் துணி உறை மாட்டிக்கொண்டு இரண்டு கொட்டகையிலும் நடந்துவிட்டுப் போனார். அந்த உறையைச் சோதித்ததில் இரண்டிலும் சால்மொனெல்லா கிருமி என்று முடிவு வந்திருக்கிறது. கோழிகள் நன்றாகத்தான் இருக்கின்றன, சாவும் கூடவில்லை. வாசலில் கால் முக்கும் தொட்டி வைத்து மருந்தும் தவறாமல் ஊற்றுகிறேன். இன்னும் 12 நாளில் முதல் லோரி வருகிறது. மீதியை அடுத்த வாரம் பிடிப்பார்கள். மருந்துக் கடைக்காரர் தண்ணீரில் கலக்க ஒரு ஆன்டிபயாட்டிக்கும், தொட்டிக்கு இன்னும் காட்டமான கிருமிநாசினியும் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, இரண்டையும் வாங்காதீர்கள்.

ஆன்டிபயாட்டிக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கொடுத்தால் எச்சத்தில் கிருமி கொஞ்ச நாள் குறையும், சோதனையில்கூடத் தப்பலாம். ஆனால் குடலில் இருந்து முழுசாகப் போகாது. தரையில் பரப்பிய உமியிலும் தூசியிலும் இருப்பதை அது தொடவே தொடாது. மருந்தை நிறுத்தியதும் பழையபடி வரும், மருந்துக்குப் பழகிப்போன கிருமியாக வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே, சில விதிவிலக்குகள் தவிர, கோழியில் சால்மொனெல்லாவைக் கட்டுப்படுத்த ஆன்டிபயாட்டிக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. மருந்தை நிறுத்திய பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் இறைச்சிக்கு அனுப்பலாம் என்ற கணக்கு வேறு இருக்கிறது. உங்கள் கையில் இருப்பதோ 12 நாள். இதையெல்லாம் கடைக்காரர் சொன்னாரா? அவர் கையில் இருப்பது கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் பழைய ஸ்டாக் என்றால் கடை வாசலிலேயே திரும்பிவிடுங்கள். 2019 ஜனவரி 1 முதல் மலேசியாவில் உணவுக்கு வளர்க்கும் கால்நடைக்கு அது தடை.

கோழி நன்றாக இருப்பதைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். உங்களைப் போன்ற பண்ணைகளில் கிடைக்கிற சால்மொனெல்லாவில் பெரும்பாலானவை கோழியைப் படுக்க வைக்காது. சாப்பிடுகிற மனிதனைத்தான் படுக்க வைக்கும். அதனால் மறைக்காமல் கம்பெனியோடு பேசுங்கள். சோதனையில் மாட்டிய கூட்டத்தை அன்றைய அறுப்பில் கடைசியாக வைத்தால் மற்ற கோழிக்குப் பரவுவது குறையும். கூடவே நீங்களும் ஒன்று கேளுங்கள்: குஞ்சு இறங்கிய அன்று பெட்டியின் அடிக்காகிதத்தைச் சோதித்தார்களா? கிருமி முட்டைவழியாகவும் வரும், தீவனத்திலும் வரும். பழியை முழுக்க உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். அந்தக் கம்பெனி ஆள் கிருமியை எதில் பிடித்தார்? பூட்ஸ் மேல் மாட்டிய உறையில். கொட்டகையில் நடக்கிற கால்தான் எல்லா இடத்துக் கிருமியையும் நன்றாக ஒற்றி எடுக்கும் என்று சோதனை செய்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதே காலோடு நீங்களும் உங்கள் ஆட்களும் முதல் கொட்டகையிலிருந்து இரண்டாவதுக்குத் தினமும் எத்தனை முறை போகிறீர்கள்?

தொட்டி இருக்கிறதே என்பீர்கள். நிபோங் திபால் பக்கம் ஒரு பண்ணையில் அப்படி ஒரு தொட்டியைக் குனிந்து பார்த்தேன். மேலே இறகு, அடியில் சேறாக எச்சம், நடுவில் கொசுப்புழு துள்ளிக்கொண்டிருந்தது. புழுவே சாகாத தண்ணீரில் சால்மொனெல்லா சாகுமா? (சுகாதார அதிகாரி பார்த்திருந்தால் ஏடிஸுக்கு ஒரு சம்மன் கிடைத்திருக்கும்.) குளோரின் எச்சத்தைத் தொட்டதுமே வீரியம் இழக்கும்; வெயில் பட்டாலும் போய்விடும். நம்ம ஊர் சாயங்கால மழை மிச்சத்தைக் கரைக்கும். சுத்தமான மருந்தாகவே இருந்தாலும் அது வேலை செய்யச் சில நிமிடம் வேண்டும், நாம் காலை வைப்பது இரண்டு விநாடி. காட்டமான மருந்து வாங்கினால் காட்டமான சேறுதான் மிஞ்சும்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தால் அம்மா என்ன சொல்வார்? அதைத்தான் கொட்டகையிலும் செய்யச் சொல்கிறேன். கதவுக்கு உள்பக்கம் முழங்கால் உயரத்துக்குக் குறுக்கே ஒரு பலகை அடியுங்கள். வெளி பூட்ஸ் பலகைக்கு இந்தப் பக்கமே நிற்கட்டும். பலகையில் உட்கார்ந்து, காலைத் தரையில் வைக்காமல் அந்தப் பக்கம் திருப்பி, உள் பூட்ஸில் நுழைக்க வேண்டும். முதல் கொட்டகைக்கு மஞ்சள், இரண்டாவதுக்கு வெள்ளை. மஞ்சள் வெள்ளைக்குள் தெரிந்தால் யாராக இருந்தாலும் கேட்கலாம். ஜோடி இருபது முப்பது ரிங்கிட்தான். ஜப்பான் சிலிப்பரோடு கோழிக்குள் போகிற ஆளுக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள், அவர் சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.

இந்த ஏற்பாட்டை ஒரே ராத்திரியில் பாழாக்குவது கோழி பிடிக்க வருகிற கூட்டம். நேற்று எந்தப் பண்ணையில் மிதித்த காலோ, எந்தக் கூடையோ! பாதியைப் பிடித்துவிட்டு மீதியை ஒரு வாரம் விட்டு வைத்தால் அந்த மீதிக்குள் என்ன ஏறியிருக்கும் என்று உங்களுக்கே தெரியாது. முடிந்தவரை ஒரே தடவையில் பிடிக்கச் சொல்லிக் கம்பெனியிடம் மல்லுக்கு நில்லுங்கள்.

கோழி போன பிறகு உமியை முழுக்க வாரி, சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசி, காயவிட்டு, அதற்கு அப்புறம்தான் கிருமிநாசினி. சோப்பு மிச்சம் இருந்தால் சில மருந்துகள் செத்துவிடும். எலி, கருவண்டு, தண்ணீர்க் குழாய்க்குள் இருக்கும் வழுவழுப்பு, மூன்றையும் விடாதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் காலியாகக் கிடக்கட்டும்.

அடுத்த குஞ்சு வருவதற்கு முன், காய்ந்த வெறும் தரையில் நீங்களே உறை மாட்டி நடந்து, அந்த உறையைப் புக்கிட் தெங்கா கால்நடை ஆய்வகத்தில் சோதனைக்குக் கொடுங்கள். கொட்டகைக்கு ஒரு ஜோடி உறை, தனித்தனிப் பை, மேலே எண். முடிவு வரும்வரை குஞ்சு லோரியை வரவிடாதீர்கள்.