ஐந்து புத்தகத்துக்கும் ஒரே மதிப்பெண்ணா?

கேள்வி: சமீபத்தில் அடுத்தடுத்து ஐந்து புத்தகங்கள் படித்தேன். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்', அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு', அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்', கார்ல் சேகனின் 'காஸ்மாஸ்', அப்புறம் ஒரு கவிதைத் தொகுப்பு (இது மட்டும் பாதியில் நிற்கிறது). ஒவ்வொன்றையும் பற்றி நாலு வரி எழுதி, ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு நண்பர்களுக்கு அனுப்புவது என் வழக்கம். இந்த முறை கிறிஸ்டிக்கு ஐந்து, அசோகமித்திரனுக்கு இரண்டரை. வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என் ரசனை மட்டமா?
— ஒரு வாசகி

பதில்: மட்டமெல்லாம் இல்லை, அந்த நினைப்பை முதலில் விடுங்கள். ஒரு புத்தகம் உங்களை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, இன்னொன்று போகவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறீர்கள். பேர் பெற்ற நாவலாயிற்றே என்று கூட ஒரு மதிப்பெண் சேர்த்துப் போட்டிருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். எனக்குச் சிக்கலாகப் படுவது அந்த மதிப்பெண்தான். வெவ்வேறு வேலைக்காக எழுதப்பட்ட ஐந்து புத்தகங்களை, பக்கம் எவ்வளவு வேகமாகப் புரண்டது என்ற ஒரே கணக்கில் அளந்திருக்கிறீர்கள், அந்தக் கணக்கில் துப்பறியும் கதை எப்போதும் ஜெயித்துவிடும்.

சரி, ஜெயித்த புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். 1939இல் வந்த அந்த நாவலில் ஒரு தீவு, பத்துப் பேர், வெளியேற வழியில்லை, கிறிஸ்டியின் வேறு கதைகளில் துப்பறிய வரும் ஹெர்க்யூல் புவாரோ மாதிரி ஆளும் கிடையாது. "ஊகிக்கவே முடியவில்லை, ஒரே மூச்சில் முடித்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை எந்த நல்ல துப்பறியும் கதையைப் பற்றியும் எழுதிவிடலாமே. முடிவு தெரிந்துவிட்ட இந்த நிலையில் முதல் அத்தியாயத்தை மட்டும் திரும்பப் படித்துப் பாருங்கள். ரயிலிலும் காரிலும் அந்தத் தீவை நோக்கி வந்துகொண்டிருக்கிற விருந்தாளிகளின் நினைப்புகளுக்குள் கிறிஸ்டி நம்மை அழைத்துப் போகிறார். அங்கே அவர் எங்கேயாவது பொய் சொல்லியிருக்கிறாரா, அல்லது உண்மையைச் சொல்லியே நம் கண்ணைக் கட்டியிருக்கிறாரா? கிடைக்கும் துப்பை வாசகரிடமிருந்து ஒளிக்கக் கூடாது என்பது உட்படத் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் எழுதினார். அந்த நேர்மை இந்தக் கதையில் இருக்கிறதா என்று இரண்டு வரி எழுதினால் படிக்கிறவருக்கு உங்கள் ஐந்தின் காரணம் புரியும். முடிவை மட்டும் தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அசோகமித்திரனைப் பற்றி, "கிரிக்கெட் ஆடுகிறான், ஊர் சுற்றுகிறான், கல்லூரிக்குப் போகிறான், ஒன்றுமே நடக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் மூன்றும் சரியான கவனிப்பு, கடைசிதான் அவசரம். ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேருமா சேராதா என்று தெரியாத 1947-48, செகந்திராபாத் லான்ஸர் பாரக்ஸில் இருக்கும் சந்திரசேகரன் என்ற பையன். ஊர் பற்றிக்கொண்டிருக்கும்போதும் அவன் வயசுப் பையனுக்கு அன்றைக்கு எது பெரிதாகத் தெரியுமோ அதைத்தான் அசோகமித்திரன் எழுதுகிறார். கூட ஆடுகிற பையன்களுக்கு நடுவே நீ யார், நான் யார் என்ற பிரிவு எந்தப் பக்கத்தில் நுழைகிறது என்று பார்த்தீர்களா? கடைசியில் சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் போய்விட்டு அங்கிருந்து ஓடி வருகிறானே, அதற்கு முன்னால் அத்தனை பக்கமும் குரல் உயர்த்தாமல் வந்ததால்தான் அந்த இடம் அப்படி அடிக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், தப்பே இல்லை. அப்போது "இந்த அடங்கிய தொனி எனக்கு ஒட்டவில்லை" என்று எழுதுங்கள், அது உங்களைப் பற்றிய உண்மை, யாரும் மறுக்க முடியாது.

'என் சரித்திரம்' இழுவை, பாதியில் நின்றுபோகிறது என்கிறீர்கள். ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்தது அது. 1942இல் உ.வே.சா. காலமானதால் அப்படியே நின்றது, 1950இல்தான் நூலாக வந்தது. இந்தத் தகவலை ஒரு வரியில் சேர்த்தாலே உங்கள் புகார் பாதி தீர்ந்துவிடும். ஆனால் நான் கேட்க நினைப்பது வேறு: சேலம் இராமசுவாமி முதலியார் வருகிற பகுதியில் நீங்கள் நிற்கவில்லையா? 1880, கும்பகோணம். கல்லூரி வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் 25 வயதுத் தமிழாசிரியர், முன்சீப்பாக வந்திருக்கும் முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் அந்தாதி, உலா, கோவை, பிள்ளைத்தமிழ் என்று அடுக்குகிறார். இவர் அடுக்க அடுக்க, அவர் முகத்தில் வியப்பே இல்லை. இதெல்லாம் படித்து என்ன பயன் என்கிற மாதிரி பேசிவிட்டு, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியிலிருந்து கிளம்பியதுதான் 1887இல் வந்த சீவக சிந்தாமணிப் பதிப்பு. தான் கற்றதெல்லாம் ஒருவர் முன்னால் சிறுத்துப்போன அந்த நேரத்தை, தமிழ்த் தாத்தா என்று நாடே கொண்டாடுகிற 85 வயதில் கொஞ்சமும் மறைக்காமல் எழுதுகிறார் மனிதர். சுயசரிதையை நான் எடைபோடுவது இந்த மாதிரி இடங்களை வைத்துத்தான், வேகத்தை வைத்து அல்ல. எனக்கு மிகவும் பிடித்த புத்தகம் என்பதால் நீண்டுவிட்டது.

'காஸ்மாஸ்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அறிவியல் நூல் என்றால் வெளிவந்த வருஷத்தை அவசியம் குறிப்பிடுங்கள். இது 1980. சூரியனைப் போன்ற இன்னொரு விண்மீனைச் சுற்றும் கோள் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே 1995இல்தான், இன்றைக்கு உறுதியான வெளிக்கோள்கள் 5,000க்கும் மேல். எந்தப் பகுதி பழசாகிவிட்டது, எது இன்னும் அப்படியே நிற்கிறது என்று சொன்னால் போதும்.

இன்னொரு வேலை. புத்தகம் முடித்த அன்றைக்கே, மனசில் நின்ற ஒரு இடத்தைப் பக்க எண்ணோடு குறித்து வையுங்கள். ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் எழுதியபடி, மறதி ஆரம்பத்தில்தான் மிக வேகம். சில வாரம் கழித்து, இன்னும் என்ன ஞாபகம் இருக்கிறது என்று பார்த்து இன்னொரு வரி சேருங்கள். இரண்டையும் நண்பர்களுக்கு அனுப்புங்கள், மதிப்பெண் இருந்த இடத்தில் "இது யாருக்குப் பிடிக்கும்" என்று ஒரு வரி போடுங்கள்.

கவிதைத் தொகுப்பைப் பாதியில் வைத்ததற்கும் கூச்சப்படாதீர்கள், நாவல் போல முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும் என்று கவிதைக்குக் கட்டாயமில்லை. பாதிதான் படித்தேன் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, படித்ததில் எந்தக் கவிதைக்குத் திரும்பப் போனீர்கள் என்று எழுதுங்கள். எதற்குமே போகவில்லை என்றால் அதையும் எழுதலாம்.