தொழுவிலிருந்து வரும் காய்ச்சல்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

ஆடு மாடு கோழியிடமிருந்து மனிதருக்கு என்னென்ன நோய் தொற்றும் என்று போன வாரம் நம் ஆட்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். பாதி பயம், பாதி வதந்தி. திருநெல்வேலிச் சீமையில் முப்பது வருடம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன் என்பதால், கேள்விகளை எனக்கு அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மானூரிலிருந்து ஒரு அக்கா: அண்ணாச்சி, எங்க ஜெர்சி கலப்பு மாடு ஏழாம் மாசத்தில் கன்று வீசிட்டு. இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழலை. வீட்டுக்காரர் கையை விட்டு எடுத்தார். வழக்கம்போலச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டோம். இப்போ மூணு வாரமா அவருக்குச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல், இடுப்பு வலி. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம் அக்கா. நாளைக் கடத்தாதீர்கள். சினை முற்றிய பிறகு கன்று வீசுவது, அதாவது கரு கலைந்து விழுவது, இளங்கொடி விழாமல் நிற்பது, இரண்டும் சேர்ந்தால் எனக்கு முதலில் புருசெல்லா என்ற கிருமியின் மேல்தான் சந்தேகம் வரும். கன்று வீச்சு நோய் என்பது அதுதான். வீசிய கன்றிலும் கொடியிலும் வழிகிற நீரிலும் அந்தக் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். கையில் சின்னக் கீறல் இருந்தால் போதும், கண்ணில் ஒரு துளி தெறித்தால் போதும். மருத்துவரிடம் போகும்போது வெறுமனே "காய்ச்சல்" என்று சொல்லாமல், "மாடு கன்று வீசியது, நான் கை வைத்தேன்" என்று வீட்டுக்காரரைச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மருத்துவருக்கு இந்த நோய் நினைவுக்கே வராது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மார்கழி ராத்திரி, சேரன்மகாதேவி பக்கத்தில் ஒரு வீட்டில் மாடு ஈன முடியாமல் கிடந்தது. கையுறை கிடையாது. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு தோள்பட்டை வரை கையை விட்டுச் செத்த கன்றை எடுத்தேன். இருபது நாள் கழித்துக் காய்ச்சல் தொடங்கியது. காலையில் இருக்காது, பொழுது சாய்ந்தால் வரும். விடியும்போது சட்டையைப் பிழியலாம், அவ்வளவு வியர்வை. "ஊறின வைக்கோல் மாதிரி வாடை அடிக்குது" என்றாள் என் மனைவி. ஒரு ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்றார்கள், இன்னொன்றில் மலேரியா என்றார்கள். இரண்டரை மாதம் ஓடிப்போனது. கடைசியில் நானே ரத்தத்தைப் புருசெல்லா பரிசோதனைக்குக் கொடுத்தேன், பிடிபட்டது. பெரும்பாலும் டாக்ஸிசைக்ளினோடு இன்னொரு மருந்தும் சேர்த்து ஆறு வாரம் தருவார்கள். இரண்டாம் வாரமே காய்ச்சல் விட்டுவிடும், அதை நம்பி மருந்தை நிறுத்தினால் திரும்ப வரும்.

ஆலமர வழக்கத்துக்கு வருகிறேன். பால் வடிகிற மரத்தில் கொடியைக் கட்டினால் மாடும் நிறையப் பால் கொடுக்கும் என்ற நம்பிக்கையில் நம் பெரியவர்கள் செய்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தரையில் போட்டு நாய் இழுத்துப் போவதை விட அது மேல்தான். ஆனால் கன்று வீசிய மாட்டின் கொடியை மரத்தில் கட்டவே கூடாது. சாக்கு கிழிந்து கீழே விழும், நாய் அதை ஊரெல்லாம் இழுக்கும். கன்றையும் கொடியையும் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கையுறை இல்லாவிட்டால் நல்ல பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி, மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் சூலிப் பெண் (கர்ப்பிணி) இருந்தால் அந்தப் பக்கமே வரக் கூடாது.

மாட்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். முடிவு வரும் முன் சந்தையில் தள்ளிவிடாதீர்கள், வாங்குகிறவர் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கும். இனி பிறக்கும் கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் தடுப்பூசி ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும். கோமாரிக்கும் கன்று வீச்சுக்கும் 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசே அதை இலவசமாகப் போடுகிறது.

ஆலங்குளம் தம்பி: எங்க தாத்தா காலத்திலும் மாடு இருந்துச்சு, இவ்வளவு நோய் இல்லையே. கலப்பின மாடுதான் காரணமா?

கலப்பினத்துக்குச் சில நோய்கள் சீக்கிரம் வருவது உண்மைதான். ஆனால் பழியை அதன் தலையில் மட்டும் போட முடியாது தம்பி. உங்கள் தாத்தா தொழுவில் ஒரு ஜோடி உழவு மாடும் ஒரு பசுவும் நின்றிருக்கும். பசு அந்த வீட்டிலேயே பிறந்தது, அதன் தாயும் அங்கேயே பிறந்தது. வெளி மாடு வருவது அபூர்வம். இன்றைக்குப் பத்து மாடு வைத்திருப்பவர் வீட்டில் பத்தும் பத்து ஊரிலிருந்து வந்தவை. மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். எங்கெங்கோ இருந்து வந்த ஆடுகள் ஒரே கயிற்றில் நிற்கும், விலை படியாதது சாயங்காலம் அதே வண்டியில் வீட்டுக்குத் திரும்பும். போகும்போது கொண்டுபோகாத ஒன்றைக் கொண்டு வரும். வளர்க்கும் முறை மாறிவிட்டது, நம் கைப்பழக்கம் தாத்தா காலத்திலேயே நின்றுவிட்டது. இதுதான் எனக்குப் பெரிய கவலை. புதிதாக வாங்கியதை ஒரு மாதம் தனியாகக் கட்டுங்கள், அதற்குத் தண்ணீர்த் தொட்டியும் தனியாக இருக்கட்டும்.

வளர்ப்பு முறை மாறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மலேசியாவில் வந்த நிபா காய்ச்சல் சாட்சி. பெரிய பன்றிப் பண்ணையை ஒட்டியே பழமரங்களும் நட்டிருந்தார்கள். மாமரத்துக்கு வந்த பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழம் பட்டியில் விழுந்தது, பன்றி தின்றது. ஆயிரக்கணக்கில் நெருக்கி அடைத்திருந்ததால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றி, வேலை பார்த்தவர்களுக்கும் வந்தது. 1998, 99-இல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பத்து லட்சம் பன்றிகளை அழித்தார்கள். நிபா என்ற பெயரே அங்குள்ள ஒரு ஊரின் பெயரிலிருந்து வந்ததுதான். வௌவாலும் மாமரமும் பன்றியும் தனித்தனியாக இருந்தவரை ஒன்றும் இல்லை.

நாங்குநேரிப் பக்கம் கிடை போடும் ஒருவர்: நேத்து நல்லா மேய்ஞ்ச ஆடு காலையில் செத்துக் கிடந்தது, மூக்கில் ரத்தம். கறியைப் பங்கு போடலாமான்னு கேக்காங்க.

வேண்டவே வேண்டாம் ஐயா. கத்தியே படக் கூடாது. திடீர்ச் சாவு, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருத்த ரத்தம், இது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். உடலை அறுக்காத வரை, உள்ளே அழுகும்போதே கிருமி பெரும்பாலும் செத்துவிடும். அறுத்துக் காற்றுப் பட்டால் வித்தாக மாறும். அந்த வித்து மண்ணில் பல பத்து வருடம் உயிரோடு கிடக்கும். உங்கள் பேரன் அதே இடத்தில் கிடை போடும்போது அவன் ஆட்டைக் கொல்லும். சமைத்தாலும் நம்ப முடியாது. கால்நடை உதவி எண் 1962-க்கு அழையுங்கள், கால்நடை மருத்துவர் பார்த்த பிறகு, ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுத் தோலோடு புதையுங்கள். ஆட்டைத் தொட்ட யாருக்காவது கையில் வலியே இல்லாத புண் வந்து, நடுவில் கரி மாதிரி கருத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சீக்கிரம் போனால் சாதாரண மருந்திலேயே குணமாகிவிடும்.

பாவூர்சத்திரம், வள்ளியூர், இன்னும் சிலர்: கோமாரி வந்த மாட்டுப் பால், உடம்பெல்லாம் கட்டி வந்த மாட்டுப் பால் குடிக்கலாமா?

கோமாரியும் தோல் கழலை நோயும் நமக்கு வருவதாக நினைத்துப் பயப்பட வேண்டாம். பாலைக் காய்ச்சிக் குடியுங்கள். மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தால் மட்டும், மருத்துவர் சொல்லும் நாள் வரை பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது. ஆட்டுப்பால் மருந்து என்று பச்சையாகப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். கன்று வீச்சுக் கிருமிகளில் ஆட்டில் இருப்பதுதான் மனிதருக்கு ரொம்பப் பொல்லாதது.

மூலைக்கரைப்பட்டி தங்கச்சி: கேரளாவில் பறவைக் காய்ச்சல்னா புளியரை எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டிக்கு மருந்து அடிக்காங்க. கூந்தன்குளம் சரணாலயத்துக்கு வர்ற பறவையால் நமக்கு ஆபத்து இல்லையா?

நல்ல கேள்வி தாயி. கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. 2005-இல் சீனாவின் சிங்காய் ஏரியில் இந்த இனம் ஆயிரக்கணக்கில் பறவைக் காய்ச்சலில் செத்தது. அதனால் தொடர்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மரத்தில் கூடு கட்டுகிற பறவையைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், விரட்டவும் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் வீட்டு வாசலிலேயே அவற்றை விருந்தாளி மாதிரி வைத்திருக்கிறார்கள், அது நம் சீமைக்கே பெருமை. கவனிக்க வேண்டியது நடுவில் இருக்கும் பாலத்தைத்தான். அறுப்பு முடிந்த வயலில் மேய்கிற வாத்துக் கூட்டம் காட்டுப் பறவை இறங்கும் அதே தண்ணீரில் இறங்குகிறது, அப்புறம் லாரியில் ஏறி அடுத்த ஊருக்குப் போகிறது. ஆலப்புழையில் திரும்பத் திரும்ப வாத்துகளில்தான் இந்த நோய் பிடிபட்டது. வீட்டுக் கோழியை வாத்து மேயும் வயலுக்கு விடாதீர்கள். கொத்தாகச் செத்த பறவையைக் கண்டால் தொடாமல் தகவல் சொல்லுங்கள். நன்றாக வெந்த கறியாலும் முட்டையாலும் வராது.

களக்காடு: உண்ணிக் காய்ச்சல் மாட்டு உண்ணியால் வருதா?

இல்லை. பெயர்தான் குழப்புகிறது. புதரிலும் எலியிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. இடுப்பிலோ கக்கத்திலோ சிகரெட் சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கிடையில் வெறுந்தரையில் படுப்பவர்கள் கட்டிலோ பாயோ போட்டுக்கொள்ளுங்கள்.

அம்பாசமுத்திரம் அண்ணன் ஒருவர்: மாடு ஓயாமல் கத்துது, வாயில் எச்சில் ஒழுகுது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்குன்னு கையை விட்டுப் பார்த்தேன். ஒண்ணும் இல்லை.

இந்தக் கேள்வி வந்தது நாலு நாளைக்கு முன், ராத்திரி ஒன்பது மணிக்கு. உடனே போனில் கூப்பிட்டேன். ஒன்றரை மாதம் முன்னால் தெருநாய் ஒன்று அந்த மாட்டின் காலைக் கடித்ததாம். அண்ணனின் விரல்களில் அன்றைக்குப் புல் அறுத்த கீறல். எச்சில் ஒழுகும் மாட்டின் வாயில் கையை விடுவது நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான், வெறிநோயில் (ரேபிஸ்) அதுதான் மனிதரைக் கொல்லும். அந்த நோய் வெளியே தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கையைக் கழுவச் சொன்னேன். விடியட்டும் என்றார், நான் விடவில்லை. ராத்திரியே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசியும், கீறலைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புச் சக்தி மருந்தும் போட்டுக்கொண்டார். பால் கறந்த அண்ணியும் மறுநாள் ஊசி போட்டாள். காய்ச்சிய பாலால் வராது, ஆனால் கறக்கும்போது அவள் கையிலும் எச்சில் பட்டிருந்தது.

மாடு நேற்றுக் காலை செத்துவிட்டது. அண்ணனுக்கு நேற்று இரண்டாவது ஊசி முடிந்தது. இன்னும் ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் இருக்கிறது, அன்றைக்கு நானே கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.