கங்கென்: ஒடுக்கமா, மீட்பா? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: ஜப்பானிய உடல்நலக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். பழச்சாறு பற்றிய பக்கத்திலும், குடிநீர்க் கருவி பற்றிய பக்கத்திலும் ‘கங்கென்’ என்ற ஒரே சொல் வருகிறது. வேதியியல் அகராதியில் அதற்கு ‘ஒடுக்கம்’ (ஒரு பொருள் ஆக்சிஜனை இழப்பது அல்லது எலக்ட்ரான்களை ஏற்பது) என்று பொருள் இருக்கிறது. இரண்டு இடங்களிலும் அப்படியே எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. அந்தச் சொல்லில் உள்ள முதல் எழுத்துக்குத் திரும்புதல் என்றும், இரண்டாம் எழுத்துக்கு மூலம் அல்லது தொடக்கம் என்றும் பொருள். ஆகவே முன்பிருந்த நிலைக்கு மீள்வது எதுவானாலும் ஜப்பானியருக்கு அது கங்கென்தான். கடையில் செலவிட்ட தொகையில் ஒரு பங்கைப் புள்ளிகளாகத் திருப்பித் தருவதையும் இதே சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். இதை வேதியியலுக்குள் கொண்டுவந்தவராக உடகாவா யோஆன் (1798–1846) என்ற மருத்துவ அறிஞரைச் சொல்வார்கள். டச்சு மொழி வழியாக மேற்கத்திய வேதியியலைக் கற்று, 1837 முதல் பகுதி பகுதியாக ‘செய்மி கைசோ’ என்ற நூலை வெளியிட்டவர் அவர். தாதுவிலிருந்து ஆக்சிஜன் நீங்கும்போது உலோகம் தன் பழைய வடிவத்துக்கு மீள்கிறது என்ற கருத்து அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஐரோப்பிய மொழிகள் இதற்கு வழங்கும் லத்தீன் வேர்ச்சொல்லுக்கும் ‘திரும்பக் கொண்டுவருதல்’ என்றே பொருள். நம் பாடநூல்களின் ‘ஒடுக்கம்’ என்ற சொல்லிலோ அந்த மீளும் பொருள் இல்லை, குறைத்தல்தான் தொனிக்கிறது. குழப்பத்தில் பாதி நம் பக்கத்திலும் இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பழச்சாற்றுப் பக்கத்தில் இருப்பது ‘நோஷுக்கு கங்கென்’ என்ற தொடராகவே இருக்கும். சாற்றிலிருந்து நீரைப் பிரித்து அடர்த்தியாக்கி வைத்து, பின்னர் மீண்டும் நீர் சேர்த்து இயல்பான செறிவுக்குக் கொண்டுவந்தார்கள் என்பது இதன் பொருள். எலக்ட்ரான் பரிமாற்றத்துக்கு இங்கே வேலையே இல்லை. ‘அடர்சாற்றில் நீர் சேர்த்து மீளாக்கிய பழச்சாறு’ என்று எழுதுங்கள். நீளமாக இருந்தாலும் பிழையில்லை.

குடிநீர்க் கருவியின் கதை வேறு. மின்னாற்பகுப்பில், அதாவது மின்சாரம் செலுத்தி நீரைப் பிரிக்கும்போது, எதிர்மின்வாயருகே நீர் மூலக்கூறுகள் எலக்ட்ரான்களை ஏற்று ஹைட்ரஜன் வாயுவை வெளியிடுகின்றன. ஹைட்ராக்சைடு அயனிகள் தங்கிவிடுவதால் நீர் காரத்தன்மை அடைகிறது. அந்தப் பக்கத்து நீரைக் ‘கங்கென்’ நீர் என்னும்போது ‘ஒடுக்கம்’ வேதியியல்படி சரியான சொல்லே. ஆனால் அடுத்த வரியில் ‘கங்கென் ஆற்றல் உடலுக்கு நல்லது’ என்று வந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். அது கரைந்துள்ள ஹைட்ரஜனைக் குறிக்கிறதா, காரத்தன்மையைக் குறிக்கிறதா, அல்லது ‘மீட்பு’ என்ற அன்றாடப் பொருளின் இனிமையை விற்பனைக்குப் பயன்படுத்துகிறதா என்பது மூலத்திலேயே தெளிவாக இருக்காது. தொடக்கக் காலத்தில் நான் இப்படியொரு வரியை ‘உடலைப் பழைய நிலைக்கு மீட்கும் நீர்’ என்று மொழிபெயர்த்தேன். மெய்ப்புப் பார்த்த மருத்துவர் ‘மீட்கும்’ என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் ‘இதைச் சொன்னது அவர்களா, நீங்களா?’ என்று எழுதியிருந்தார். சொன்னவன் நான்தான். மூலம் மங்கலாக விட்டதை நாம் விளக்கிவைத்தால், அங்கே இல்லாத மருத்துவ உறுதிமொழியைத் தமிழில் கொடுத்தவர்களாகிறோம். ‘ஒடுக்கும் திறன்’ என்று நிறுத்திக்கொண்டு, பதிப்பாளருக்கு ஒரு குறிப்பு அனுப்புவதே முறை.

கேள்வி: பற்பசைக் குழாயிலும், உணவு ஒட்டாத வாணலியின் அட்டையிலும் ‘ஃபுஸ்ஸோ’ என்று இருக்கிறது. இரண்டும் ஃபுளூரின்தானே?

பதில்: தனிமத்தின் பெயர் அதுதான்; ஆனால் இரண்டிலும் தனிமம் இல்லை. வாணலியில் உள்ளது ஃபுளூரின் அணுக்களைக் கொண்ட பலபடிப் (பாலிமர்) பூச்சு. பற்பசையில் உள்ளது ஃபுளூரைடு, அதாவது ஃபுளூரினின் அயனி வடிவம். ஃபுளூரின் வாயு கடுமையான நச்சு என்பதால், ‘ஃபுளூரின் கலந்த பற்பசை’ என்று படிக்கும் தமிழ் வாசகர் அஞ்சினால் அவர்மீது குற்றமில்லை.

எண்ணையும் கவனியுங்கள். ‘ஃபுஸ்ஸோவாக 1450 பி.பி.எம்.’ (பத்து லட்சம் பங்கில் 1450 பங்கு) என்று குழாயில் இருந்தால், அது ஃபுளூரைடின் அளவு மட்டுமே. பகுதிப்பொருள் வரிசையில் ‘ஃபுக்கா நத்தொரியுமு’, அதாவது சோடியம் ஃபுளூரைடு, என்று இருப்பதைப் பார்த்து அந்த எண்ணை அதனுடன் சேர்த்துவிடக் கூடாது. சோடியம் ஃபுளூரைடின் எடையில் ஃபுளூரைடு ஏறத்தாழ 45 சதவீதம்தான் என்பதால், 1450 பி.பி.எம். ஃபுளூரைடைத் தருவதற்குச் சுமார் 0.32 சதவீதம் சோடியம் ஃபுளூரைடு வேண்டும். எண்ணை இடம் மாற்றி எழுதினால் உண்மையான அளவில் பாதிக்கும் குறைவாகச் சொன்னதாகிவிடும். ஜப்பானில் பற்பசைக்கான உச்சவரம்பு 1000 பி.பி.எம். ஆக இருந்து 2017-இல் 1500 ஆக உயர்ந்தது. 1000-ஐத் தாண்டிய பசையை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தவிர்க்கும்படி அறிவுறுத்துகிறார்கள். எச்சரிக்கை வரியே அந்த எண்ணைச் சார்ந்திருக்கும்போது இதில் அலட்சியம் கூடாது.

கேள்வி: ‘கரியுமு’ என்பது கால்சியம்தானே?

பதில்: இல்லை, பொட்டாசியம். ஜெர்மன் மொழியின் ‘காலியும்’ ஜப்பானிய உச்சரிப்பில் அப்படி ஆகியிருக்கிறது. கால்சியத்துக்குக் ‘கருஷியுமு’ என்ற தனிச்சொல் உண்டு. பொட்டாசியத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டிய சிறுநீரக நோயாளிக்கான உணவுப் பட்டியலில் இந்தப் பிழை நேர்ந்தால், அதை வெறும் மொழிப்பிழை என்று தள்ளிவிட முடியாது.

கேள்வி: ‘கஸ்ஸெய் ஸன்ஸோ’ என்பதைச் ‘செயலூக்கமுள்ள ஆக்சிஜன்’ என்று எழுதினேன். அது நல்ல ஆக்சிஜனா என்று நண்பர் கேட்கிறார்.

பதில்: உங்கள் நண்பரின் கேள்வியே உங்கள் மொழிபெயர்ப்புக்கான மதிப்பெண். அது ஒரு பொருளின் பெயரன்று. சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் உள்ளிட்ட ஒரு குழுவின் பெயர். ‘வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வகைகள்’ என்று பன்மையில் எழுதினால் பொருந்தும். ‘தனி உறுப்புகள்’ (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட துகள்கள்) என்று மாற்றுவதும் தவறு, ஏனென்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு இந்தக் குழுவில் இருந்தும் தனி உறுப்பு அல்ல. கிருமிகளைக் கொல்வதற்கு நம் வெள்ளணுக்களே இவற்றை உருவாக்குகின்றன என்பதால், விளக்கத்துக்காகத் ‘தீய’ என்ற அடைமொழியை நீங்களாக எங்கேனும் சேர்த்திருந்தால் அச்சுக்குப் போகுமுன் எடுத்துவிடுங்கள்.